பந்தைத் தந்த கைகள்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

ஒரு விளையாட்டு வீரன் ஏதோ ஓர் ஆண்டில் திடீரென்று ஒளிவிட்டு எழுகிறான். நேற்றுவரை பெயர் தெரியாதிருந்தவனை இன்று ஊரே கொண்டாடுகிறது. அந்த எழுச்சிக்கு யார் காரணம்? அவனுடன் பிறந்த திறமையா? பயிற்சி தந்த ஆசானா? உடன் நின்று ஆடிய தோழர்களா? கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டிகள் முடியும் ஒவ்வோர் ஆண்டும் நம் மாணவர்களிடையே எழுகின்ற வினா இது. கூடையில் பந்தைப் போட்டவனைத் தோளில் தூக்குகிறோம். அவன் கைக்குப் பந்தைக் கொண்டுவந்து சேர்த்தவன் எல்லோருடைய பைகளையும் சுமந்துகொண்டு பின்னால் வருகிறான். இது முறைதானா?

இந்த வினாவை ஒரு மாமனிதரின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம் என்று எண்ணினேன். அவர் தனியொருவராகவே உலகை வென்றவர் என்று நாம் அனைவரும் பள்ளிப் பருவம் முதல் கேட்டு வந்திருக்கிறோம். ஹாக்கி மந்திரவாதி என்று உலகம் அழைத்த மேஜர் தியான்சந்த்தான் அவர்.

படைவீட்டில் வளர்ந்த சிறுவன்

தியான்சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர் காலத்து இந்தியப் படையில் பணியாற்றியவர். அவரும் ஹாக்கி ஆடியவரே. படைவீரர் குடும்பத்துக்கு நிலையான ஊர் ஏது? மாறுதல் ஆணை வரும்போதெல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் சிறுவனின் பள்ளிப் படிப்பு ஆறு ஆண்டுகளுக்குமேல் நீளவில்லை. பின்னர் குடும்பம் ஜான்சி நகரில் நிலைகொண்டது.

இளமையில் ஹாக்கியில் அவருக்குப் பெரிய நாட்டம் எதுவும் இருந்ததில்லை. அவர் விரும்பியது மற்போர். பிற்காலத்தில் உலகமே வியந்த கலைஞன் ஒருவன் தன் கலையைத் தானே கண்டுகொள்ளாமல் பதினாறு வயதுவரை வாழ்ந்திருக்கிறான் என்பது சிந்திக்கத்தக்கது. திறமை உள்ளே இருந்திருக்கலாம். ஆனால் அது இருக்கிறது என்று சொல்ல ஒருவர் வர வேண்டியிருந்தது.

சுபேதார் மேஜர் பாலே திவாரி

1922ஆம் ஆண்டு, தம் பதினேழாவது பிறந்த நாளை ஒட்டி, தியான்சந்த் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அவர் சேர்ந்த பிரிவில் பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் இருந்தார். ஹாக்கியில் தீராத பற்றுக் கொண்டவர் அவர். புதிதாக வந்த இளைஞனின் கையில் மட்டையைக் கொடுத்து, ஆட்டத்தின் அரிச்சுவடியைச் சொல்லித் தந்தவர் அவரே. இதைத் தியான்சந்த் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் நன்றியுடன் பதிவு செய்திருக்கிறார். ‘கோல்’ என்ற அந்த நூல் 1952இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சிப்பாய்க்குப் பகலெல்லாம் பணி. பணி முடிந்தபின் கிடைக்கும் நேரமே பயிற்சி நேரம். மைதானத்தில் மின்விளக்குகள் இல்லாத காலம் அது. தியான் சிங் என்பதே அவருடைய இயற்பெயர். நிலவொளியில் மட்டையும் பந்துமாகப் பயின்றதால், நிலவைக் குறிக்கும் ‘சந்த்’ என்ற சொல்லைத் தோழர்கள் அவர் பெயரோடு சேர்த்துவிட்டனர் என்று சொல்வதுண்டு. எவ்வாறாயினும், அந்தப் பெயரே தோழர்கள் இட்ட பெயர் என்பது இக்கட்டுரைக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இங்கே நாம் நேர்மையாக ஓர் எதிர்க்கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாலே திவாரியிடம் தியான்சந்த் ஒருவர் மட்டுமா பயின்றார்? அந்தப் படைப்பிரிவில் மட்டை பிடித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்களுள் ஒருவர்தானே தியான்சந்த் ஆனார்? ஆம். ஆசான் விதையை உண்டாக்குவதில்லை. ஆனால் எந்த நிலத்தில் எந்த விதை கிடக்கிறது என்று கண்டு தண்ணீர் பாய்ச்சுகிறவர் அவர். நல்ல விதையும் தண்ணீரின்றிக் கிடந்தால் என்னவாகும் என்பது வானம் பார்த்த பூமியான நம் சிவகங்கைச் சீமையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூடைப்பந்து ஆட்டத்திலும் இதற்கு நிகரான வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் மைக்கன் என்ற இளைஞர் இருந்தார். ஆறடி பத்து அங்குல உயரம், தடித்த மூக்குக்கண்ணாடி, தட்டுத் தடுமாறும் கால்கள். இவனால் ஆட முடியாது என்று புகழ்பெற்ற கல்லூரி ஒன்று திருப்பி அனுப்பியது. 1942இல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்த ரே மேயர் அவரை ஏற்றுக்கொண்டார். கயிறு தாண்டச் செய்தார். குத்துச்சண்டை அசைவுகளைப் பழக்கினார். கால்கள் இசைந்து நகர நடனம்கூடக் கற்பிக்கச் செய்தார். வலக்கையால் பல நூறு முறை, இடக்கையால் பல நூறு முறை என்று நாள்தோறும் கூடைக்குக் கீழே நின்று பந்தை எறிய வைத்தார். 1945இல் நியூயார்க்கில் நடந்த போட்டியொன்றில் மைக்கன் ஒரே ஆட்டத்தில் 53 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பயிற்சிமுறை இன்றும் ‘மைக்கன் பயிற்சி’ என்றே உலகெங்கும் வழங்குகிறது. அதை உருவாக்கிப் பழக்கிய மேயரின் பெயர் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நம் செட்டிநாட்டு வீடுகளைக் காண மக்கள் வருகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள்; கண்ணாடிபோல் முகம் காட்டும் சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள்; ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையில் காலணியைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள். எந்த வீட்டையும் அந்த வீட்டாரின் விலாசத்தைச் சொல்லித்தான் நாமும் காட்டுகிறோம். அந்தச் சுவரை இழைத்த கொத்தனாரின் பெயர் எந்த நிலைப்படியிலும் இல்லை. பாலே திவாரியும் அத்தகைய கொத்தனார்களுள் ஒருவர்.

எழுச்சி ஆண்டு

1922 முதல் 1926 வரை தியான்சந்த் ஆடியதெல்லாம் படைப்பிரிவுகளுக்கிடையிலான ஆட்டங்களே. வெளியுலகம் அவரை அறியாது. 1926இல் இந்தியப் படையின் ஹாக்கி அணி நியூசிலாந்து நாட்டுக்குப் புறப்பட்டபோது அதில் அவருக்கும் இடம் கிடைத்தது. அந்தப் பயணத்தில் அணி 21 ஆட்டங்கள் ஆடியது. 18இல் வென்றது, இரண்டில் சமநிலை, ஒன்றில் மட்டுமே தோல்வி. சிப்பாயாகக் கப்பலேறியவர் திரும்பி வந்ததும் லான்ஸ் நாயக் ஆக உயர்த்தப்பட்டார். அதுதான் அவர் வாழ்வின் எழுச்சி ஆண்டு.

அந்த எழுச்சியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, நான்காண்டு உழைப்பு, அது அவருடையது. இரண்டு, அடிப்படை, அது ஆசானுடையது. மூன்று, வாய்ப்பு, அது அணியினுடையது. படை ஓர் அணியை அமைத்துக் கடல் கடந்து அனுப்பியிராவிட்டால், தியான்சந்த் என்ற சிப்பாய் தம் முகாம் மைதானத்திலேயே மூப்படைந்திருப்பார். நியூசிலாந்தின் ஈரப் புல்வெளிகளில் அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் அவரைப் போன்ற படைவீரர்களே. அவர்களுள் ஒருவரையேனும் இன்று நாம் பெயர் சொல்லி அழைக்க இயலுமா?

ஆம்ஸ்டர்டாம், 1928

இந்திய ஹாக்கி சம்மேளனம் 1925இல் தோன்றியது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு அணி அனுப்ப முடிவாயிற்று. வீரர்களைத் தேர்ந்தெடுக்கக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையே போட்டி நடந்தது. அதில் ஐக்கிய மாகாண அணிக்கு ஆடிய தியான்சந்த் நாட்டு அணிக்குத் தேர்வானார். பம்பாயில் அந்த அணி கப்பலேறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். வெற்றியோடு திரும்பியபோதோ துறைமுகத்தில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. வெற்றிக்குத்தான் எத்தனை உறவினர்கள்!

அந்த அணியைப் பார்த்தால் அன்றைய இந்தியாவையே பார்த்தது போலிருக்கும். தலைவர் ஜெய்பால் சிங், முண்டா பழங்குடியில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்றவர். பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களின் குரலாக விளங்கியவர். துணைத் தலைவர் பின்னிகர் ஆங்கிலோ இந்தியர். கோல் காவலர் ரிச்சர்டு ஆலன். முன்னணியில் பெரோஸ்கான், ஜார்ஜ் மார்டின்ஸ், சீமன் ஆகியோர். நடுவில் சென்டர் பார்வர்டாகத் தியான்சந்த். ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று வென்ற இந்தியா, மே 26ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் போட்டி நடத்திய நெதர்லாந்தையே 3-0 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. தியான்சந்த் காய்ச்சலோடு ஆடினார். ஆயினும் அணி தளரவில்லை.

இந்தியா போட்ட கோல்கள் மொத்தம் 29. அவற்றுள் தியான்சந்த் போட்டவை 14. இதை எல்லா நூல்களும் எழுதுகின்றன. ஆனால் ஐந்து ஆட்டங்களிலும் எதிரணி போட்ட கோல் ஒன்றுகூட இல்லை! அந்தப் பூச்சியத்தைக் காத்தவர்கள் ஆலனும் அவருக்கு முன் நின்ற பின்காப்பு வீரர்களும் அல்லவா? கணிதத்துக்குப் பூச்சியத்தின் பெருமையைக் காட்டிய நாடு, விளையாட்டில் மட்டும் அதை மறந்துவிடலாமா?

ஒரு சிறு கணக்கு

கணிதம் பயில்பவன் என்பதால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

1928இல் அணியின் 29 கோல்களில் தியான்சந்தின் பங்கு 14. அதாவது நூற்றுக்கு 48. நான்கு ஆண்டுகள் கழித்து, 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். அதில் ஹாக்கி ஆட வந்தவை மூன்றே நாடுகள். இந்தியா ஜப்பானை 11-1 என்றும் அமெரிக்காவை 24-1 என்றும் வென்றது. மொத்தம் 35 கோல்கள். அவற்றுள் தியான்சந்த் போட்டவை 12, நூற்றுக்கு 34. அவர் தம்பி ரூப்சிங் போட்டவை 13. அமெரிக்காவுக்கு எதிராக ரூப்சிங் மட்டும் 10 கோல்கள் போட்டார். அண்ணனைத் தம்பி முந்திவிட்டார். அடுத்தது 1935ஆம் ஆண்டு நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பயணம். இப்போது தியான்சந்தே அணித் தலைவர். 48 ஆட்டங்களில் அணி போட்ட கோல்கள் 584. தியான்சந்த் 43 ஆட்டங்களில் ஆடிப் போட்டவை 201. மீண்டும் நூற்றுக்கு 34.

இக்கணக்கு காட்டுவது என்ன? அவருடைய புகழ் ஏற ஏற, அணியின் கோல்களில் அவருடைய பங்கு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. புகழ் பெற்றவர், தலைவரானவர், விரும்பியிருந்தால் எல்லாப் பந்துகளையும் தாமே அடித்திருக்கலாம். அவரோ மற்றவர்க்குத் தந்திருக்கிறார். 584இலிருந்து 201ஐக் கழித்தால் மீதி 383. அவை மற்றவர்கள் போட்ட கோல்கள். அவற்றுள் எத்தனைக்கு அவர் மட்டை வழி திறந்ததோ, அவர் போட்ட 201இல் எத்தனைக்கு மற்றவர் மட்டைகள் வழி திறந்தனவோ, அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. எண்களுக்கு எட்டாத இடமும் உண்டு என்பதைக் கணித மாணவன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த 1935ஆம் ஆண்டு அணியில் நம் தமிழர் ஒருவரும் இருந்தார். செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன் அவர். கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் நாட்டுக்காக ஆடிய அரிய வீரர். 1934இல் ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் பந்தைச் சேப்பாக்கத்தில் வீசியவர் இவரே. இவருடைய திறமையை இளமையிலேயே கண்டு தூக்கிவிட்டவர் அன்றைய சென்னையில் ஆடிவந்த ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக், இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணம் என்ற இரண்டு வழிகள் எதிரே வந்தபோது கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹாக்கித் தோழர்களோ தங்கப் பதக்கத்தோடு திரும்பினர். திறமை அதேதான், சேர்ந்த அணி வேறு. விளைவு எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள்!

பெர்லின் தந்த பாடம்

நம் வினாவுக்கு மிகத் தெளிவான விடை 1936இல் பெர்லினில் கிடைக்கிறது. ஒலிம்பிக்குக்கு முன் ஜூலை மாதத்தில் நடந்த பயிற்சி ஆட்டமொன்றில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்தது. அன்று இந்திய அணியின் தலைவர் யார்? தியான்சந்த்தான். உலகின் தலைசிறந்த வீரர் அணியில் இருந்தும் அணி தோற்றது. மந்திரவாதியின் கோல் ஒன்றுதான். மந்திரம் பலிக்க மற்றப் பத்துப் பேரும் வேண்டியிருந்தது.

தோல்வியைக் கண்டு தியான்சந்த் தம் பெருமையில் ஒளிந்துகொள்ளவில்லை. முன்னணியில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று உணர்ந்த அணியினர் உடனே இந்தியாவுக்குத் தந்தி அடித்தனர். அலி தாரா என்ற வீரரை அனுப்பக் கேட்டனர். தாரா விமானமேறி வந்து அரையிறுதி ஆட்டத்துக்கு முன் அணியில் சேர்ந்தார். ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0 என்று வென்றிருந்த இந்தியா, அரையிறுதியில் பிரான்சை 10-0 என்று வென்றது.

மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. சரியாகப் பதினோராண்டு கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெறப் போகிறது என்பதை அன்று யார் அறிவார்? எதிரணி அதே ஜெர்மனி. ஆடுமுன் வீரர்கள் உடை மாற்றும் அறையில் மூவண்ணக் கொடியை வணங்கிவிட்டுக் களம் புகுந்தனர். ஈரத் தரையில் முற்பாதியில் ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது. பிற்பாதியில் தியான்சந்த் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார் என்பர். முடிவு 8-1. ஒரு மாத இடைவெளியில் அதே எதிரியிடம் 1-4 என்பது 8-1 ஆக மாறியது. தியான்சந்த் அந்த ஒரு மாதத்தில் புதிதாக எதையும் கற்றுவிடவில்லை. அணியே பொருந்தி அமைந்திருந்தது.

அன்று உதவிக்கு ஓடிவந்த தாரா, நாடு பிரிந்தபின் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கினார். எல்லைக் கோடு நாட்டைப் பிரித்தது. பெர்லின் பதக்கத்தைப் பிரிக்க முடியவில்லை.

வாங்கியதைத் திருப்பித் தந்தவர்

நாற்பது வயதைக் கடந்தபின், 1947-48இல் இளைஞர் அணியோடு தியான்சந்த் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். அங்கே ஓர் ஆட்டத்தில், தாமே எளிதாகக் கோல் போடக்கூடிய நிலையில், பந்தை இளைஞரான கே.டி. சிங் பாபுவுக்குத் தந்துவிட்டு, கோல் விழுகிறதா என்றுகூடப் பாராமல் திரும்பி நடந்தாராம். தாம் தந்த பந்தை அவர் தவறவிட மாட்டார் என்ற நம்பிக்கைதான். அந்த பாபுவே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவர் ஆனார்.

1956இல் மேஜராகப் படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது வந்தது. பின்னர் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். பாலே திவாரி தமக்குச் செய்ததை அவர் பிறர்க்குச் செய்தார். அவர் மகன் அசோக்குமார் 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்டு இந்தியாவுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

அவருடைய இறுதி நாட்கள் இன்பமாக இல்லை. கல்லீரல் புற்றுநோயால் வாடி, டெல்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தின் பொது வார்டில் படுத்திருந்து, 1979 டிசம்பர் 3ஆம் நாள் காலமானார். மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் தந்தவரைக்கூட நாடு மறந்திருந்தது. இன்று அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாள்; 2021 முதல் நாட்டின் மிக உயரிய விளையாட்டு விருது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோல் போட்டவருக்கே நன்றி இவ்வளவு தாமதமாக வந்ததென்றால், பந்தைத் தந்தவர்களின் நிலையை என்னென்பது!

நமக்கு என்ன?

ஆகவே விடை இதுதான்: ஒரு வீரனின் எழுச்சியில் திறமை அவனுடையது; அதை அவனுக்கே அடையாளம் காட்டியவர் ஆசான்; அதற்குப் பயன் தந்தவர்கள் தோழர்கள். இம்மூன்றில் ஒன்றை நீக்கினாலும் கூட்டுத்தொகை சரியாக வராது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

இது மைதானத்தோடு முடிந்துவிடும் செய்தி அன்று. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர்தான் அச்சாகிறது. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் நின்றபோது நிரப்பித் தந்த பள்ளி ஆசிரியர், தேர்வுக் காலத்தில் தம் குறிப்பேட்டை இரவல் தந்த வகுப்புத் தோழர், வயல் வேலைக்கு நம்மைக் கூப்பிடாமல் தாமே வெயிலில் நின்ற பெற்றோர், இவர்கள் பெயர்கள் அதில் இல்லை. அவை இருப்பதாக நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

கூடைப்பந்தில், கூடை விழுவதற்கு முன் கடைசியாகப் பந்தைத் தந்தவர் யார் என்பதையும் உலகப் போட்டிகளில் கணக்கில் எழுதுகிறார்கள். நம் கல்லூரி ஆட்டங்களின் கணக்கேட்டிலும் அதற்கு ஒரு கட்டம் போட்டால் என்ன? விளையாட்டு விழா அறிக்கையில் அதிகப் புள்ளி எடுத்தவரின் பெயரோடு, அணியின் எல்லாப் பெயர்களையும், பெஞ்சில் அமர்ந்திருந்தவர் உட்பட, உரக்கப் படித்தால் என்ன? அதற்குச் செலவு ஏதும் இல்லை. இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. அந்த இரண்டு நிமிடக் கைதட்டலில் பாலே திவாரிக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும்.